வெள்ளம் இல்லை

ஐந்து வாட் என்றால் எவ்வளவு என்று யாராவது கேட்டால், எங்கள் வீட்டில் ஏசு படத்துக்கு மேலே எரியும் சிவப்பு பல்பைக் காட்டுவேன். அவ்வளவு மின்சாரத்தை வைத்துக்கொண்டு பூவார் கடற்கரையில் உட்கார்ந்து ஜப்பான்காரனோடு பேசியிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தலைக்கனம் தெரியாமல் மற்றது எதுவும் புரியாது.

கேரளத்தின் தெற்கு எல்லையில், பாறசாலைச் சந்தைப் பக்கம் எனக்கு ரிப்பேர் கடை. மிக்சி, ஃபேன், மாதா கோயில் பெருநாளுக்குக் கட்டும் மைக் செட், எது வந்தாலும் பார்ப்பேன். வாரத்தில் ஆறு நாள் ஜெயதாஸ் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் வேறு ஆள். பரீட்சை எழுதி அரசாங்க லைசென்ஸ் வாங்கி, சொந்த ரேடியோவில் உலகத்தோடு பேசும் ஹாம் ரேடியோக்காரன். சோற்றுப் பாத்திரம் அளவுக்கு ஒரு ரேடியோ, ஒரு பேட்டரி, ஒயர் சுற்றிய மடக்குத் தூண்டில் கம்பு, எல்லாவற்றையும் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவேன். ஈர மணலில் கம்பை நட்டு ஒயரை மேலே இழுத்துவிட்டால் அதுதான் ஆன்டெனா. உப்புத் தண்ணீர் பக்கத்தில் இருந்தால் பாதி வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

"அண்ணன் ஆகாசத்துல சூண்டை போடுதாரு" என்று வலை பிரிக்கிறவர்கள் கேலி செய்வார்கள். சிரித்துக்கொள்வேன். உள்ளுக்குள் இவர்களுக்கு என்ன தெரியும் என்று இருக்கும்.

வீட்டு மாடியில் பெரிய ஆன்டெனாவும் நூறு வாட் பெட்டியும் வைத்திருப்பவர்கள் வாய் ஓயாமல் பேசலாம். ஐந்து வாட்காரனுக்கு ஒவ்வொரு சொல்லும் பாரம். எதிரே இருப்பவன் இரைச்சலுக்குள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறான், நீட்டினால் பாதி போய்விடும். அதனால் சொல்லைக் குறைத்துக் குறைத்துப் பழகினேன். பேச வேண்டியதை முதலில் மனதுக்குள் சொல்லிப் பார்த்து, வேண்டாததை வெட்டி எறிந்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவேன். அதில் என்னைவிடக் கெட்டிக்காரன் கிடையாது என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐடிஐ முடித்த கையோடு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். போன முதல் நாள் கேன்டீனில் சாப்பாட்டுக்கு நடுவே விக்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம், "அண்ணா, கொஞ்சம் வெள்ளம் தாங்க" என்றேன். அவர், "வெள்ளமா? எங்க?" என்று கேட்டுவிட்டு இரண்டு காலையும் பெஞ்சின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார். மேசை முழுக்கச் சிரித்தது. எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். அவர்களுக்கு அது ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வருவது. நான்கு வருடமும் எனக்கு அங்கே பெயர் 'வெள்ளம்'தான். ஊர் திரும்பிய பிறகும் வெளியூர்க்காரர்களிடம் பேசும்போது அந்தச் சொல்லை நான் மறந்தும் எடுத்ததில்லை. தமிழ்நாட்டு ஹாம்கள் காலையில் கூடிப் பேசும் அலைவரிசையில் நான் பேசுவது செய்தி வாசிக்கிற தமிழ். அப்படியும் யாராவது ஒருவர், "சார் மலையாளிங்களா?" என்று கேட்டுவிடுவார். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்காது.

போன மழைக்காலத்தில் காற்றும் கள்ளக்கடலும் சேர்ந்து வந்தன. ஒரு வெள்ளிக்கிழமை. காரணமே தெரியாமல் கடல் பொங்கி ஏறுவதை இங்கே கள்ளக்கடல் என்பார்கள். பூவாருக்குத் தெற்கே என் அக்கா குமாரியின் வீடு. ஞாயிற்றுக்கிழமைக்கான என் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வெள்ளி மதியமே அங்கே போயிருந்தேன். மாலையில் அலை ஏறி வந்து கரையோரச் சாலையைத் தின்றுவிட்டது. உள்பக்கச் சாலையில் தென்னைகளும் கரண்டுக் கம்பங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. கரண்டு இல்லை, போன் இல்லை. கரையில் இருந்த நூற்று முப்பது பேர் மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டோம்.

மேட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஆபத்து வேறு மாதிரி இருந்தது. கடல் புகுந்து அங்கிருந்த கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டன. வீடுகளிலிருந்து குடத்திலும் பாட்டிலிலும் கொண்டு வந்ததுதான் குடிக்க. சனிக்கிழமை முழுக்க அதை அளந்து அளந்து குடித்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு குடம் பாக்கி இருந்தது. பிஜு என்ற மீன்காரப் பையன், போன் எடுக்கிற இடம் வரைக்கும் நடக்கிறேன் என்று விழுந்த மரங்களைத் தாண்டி காஞ்சிரங்குளம் பக்கம் போனான்.

"எலே ஜெயா, ஒனக்க பெட்டியில யாரையெங்கிலும் கிட்டுமா?" என்று அக்கா கேட்டாள்.

இப்படி ஒருத்தர் கேட்கமாட்டாரா என்று நான் சனிக்கிழமையிலிருந்தே காத்திருந்தேன். நூற்று முப்பது பேர் தாகத்தில் இருக்கும்போது மனுஷனுக்கு இப்படி ஓர் ஆசை. சொல்லவே கூசுகிறது.

பள்ளிக்கூடத்து மேட்டின் கீழ்ச் சரிவில், அலை தொடும் இடத்தில் கம்பை நட்டேன். கூட்டம் என்னைச் சுற்றி நின்றது. திருவனந்தபுரத்தில் ஹாம்கள் உண்டு. ஆனால் இந்தக் கம்பிலிருந்து போகும் குரல் பக்கத்து ஊர்களைத் தலைக்கு மேலே தாண்டிப் போய்த் தொலைவில்தான் இறங்கும். பன்னிரண்டேகாலுக்குத் திருச்சிக்காரர் ஒருவர் கிடைத்தார். காலைக் கூட்டத்தில் பழகிய குரல்.

"சார், உங்க சிக்னல் ஏறி எறங்குது. சுருக்கமா செய்தி சொல்லுங்க, எழுதிக்கறேன். ஓவர்."

அக்கா என் காதருகே குனிந்தாள். "குடிக்க வெள்ளம் இல்லண்ணு சொல்லுலே. மற்றதெல்லாம் பெறவு."

"வெள்ளம் இல்ல, வெள்ளம் இல்லண்ணு சொல்லுங்க அண்ணா" என்று பின்னாலிருந்தும் குரல்கள்.

நான் வழக்கம்போல் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன், வேண்டாததை வெட்டினேன். 'குடிக்க' என்ற சொல்லைத்தான் வெட்டினேன். வெள்ளம் என்றாலே குடிக்கத்தானே என்று அந்த நேரத்தில் தோன்றியது. பொத்தானை அழுத்தி, ஊரும் எல்லையும் சொல்லி, "பள்ளிக்கூடத்தில் நூற்று முப்பது பேர். வெள்ளம் இல்லை. கட்டுப்பாட்டு அறைக்கு உடனே சொல்லவும்" என்றேன். 'உடனே' என்ற சொல் இரைச்சலில் போயிருக்க வேண்டும், அவர் திருப்பிச் சொன்னதில் அது இல்லை.

வாங்கிய செய்தியைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது ஹாம்களின் முறை. அவர் முறை தவறவில்லை. "ஸ்கூல்ல நூத்தி முப்பது பேர். வெள்ளம் இல்லை. கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லணும். சரிங்களா? ஓவர்."

"சரி" என்றேன். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "செய்தி போச்சு. லாரி வரும்" என்றும் சொன்னேன்.

ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எல்லோரும் மேட்டுக்கு ஏறிப் போனார்கள். நான் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு அங்கேயே இருந்தேன். பதில் ஏதாவது வருமே என்றுதான். அப்படிச் சொன்னாலும் முழு உண்மை இல்லை. என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்க ஆசை.

இருபது நிமிடத்துக்கு மேல் அலைவரிசையில் இரைச்சல்தான். அவர் போன் செய்யப் போயிருக்க வேண்டும். ஒரு மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது திருச்சிக்காரர் திரும்பி வந்து இன்னொருவரிடம் சொன்னார்.

"அந்த பார்டர் ஸ்டேஷன் இருக்காரே, அவர்கிட்ட இருந்து நல்ல செய்தி. அங்க வெள்ளம் எல்லாம் வரலையாம், ஜனங்க ஸ்கூல்ல சேஃபா இருக்காங்க. திருவனந்தபுரம் கன்ட்ரோல் ரூமுக்கு போன் போட்டு இங்கிலீஷ்ல சொல்லிட்டேன்."

"என்ன பவர்ல பேசினார்?" என்று மற்றவர் கேட்டார்.

"அஞ்சு வாட். ஒரு குச்சியும் ஒயரும்."

"அஞ்சு வாட்லயா? பிரமாதம். சுத்தமான ஆபரேட்டிங் சார். நம்ம பசங்க அவர்கிட்ட கத்துக்கணும்."

லைசென்ஸ் வாங்கிய நாள் முதல் எட்டு வருடமாக நான் கேட்க ஏங்கிய சொற்கள் அவை. அவற்றைக் கேட்ட அதே நொடியில், 'வெள்ளம் எல்லாம் வரலையாம்' என்று அவர் சொன்னது உறைத்தது. ஓசூர் கேன்டீன் பெஞ்சின் மேல் தூக்கி வைத்த இரண்டு கால்கள் கண்முன்னே வந்தன.

பேட்டரி இருந்தது. இன்னும் பத்து நிமிடம் தாராளமாகப் பேசலாம். பொத்தான் கட்டைவிரலுக்கு அடியில்தான் இருந்தது. 'குடிநீர் இல்லை. நான் தவறாகச் சொல்லிவிட்டேன்' என்று சொன்னால் போதும், ஐந்தே சொல். அதைச் சொன்னால் அலைவரிசை முழுக்கச் சிரிக்கும், மறுபடியும் நான் வெள்ளம் ஆவேன். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் மலையாளிகள், எப்படியும் அவர்களுக்குப் புரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் இங்கிலீஷில் சொன்னதாக அப்போதுதான் என் காதால் கேட்டிருந்தேன். பிஜு போயிருக்கிறானே, அவன் பார்த்துக்கொள்வான் என்று அடுத்த சமாதானம். பேட்டரியை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று மூன்றாவது. ரேடியோவை அணைத்தேன்.

ஒயரைச் சுற்றிக்கொண்டு மேலே வந்தபோது அக்கா குடங்களைச் சாய்த்து எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தாள். "லாரி வரப் போவுதே, இனி எதுக்குச் சேத்து வைக்கணும்? குடியுங்க மக்கா." இரண்டு நாளாக வறண்ட வாய்கள். குடங்கள் காலியாகும் வரைக்கும் குடித்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நிறுத்தச் சொல்லவில்லை.

வராந்தா ஓரத்தில் ஜிஜா என்ற பெண் எட்டு மாதக் குழந்தையோடு இருந்தாள். கணவன் வெளிநாட்டில். குழந்தைக்கு மாவுப்பால்தான், அதற்காக ஒரு பாட்டில் தண்ணீரை யாருக்கும் கொடுக்காமல் இரண்டு நாளாகத் துணிமூட்டைக்குள் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அந்தப் பாட்டிலை எடுத்து ஒரு டம்ளர் ஊற்றினாள்.

"குடியுங்க அண்ணா. கத்திக் கத்தித் தொண்ட காஞ்சிருக்கும்."

"பிள்ளைக்கு வச்சதுல்லா?"

"லாரி வருதில்லா. பிள்ளைக்கு அப்போ எடுக்கலாம்."

நான் அதை வாங்கிக் குடித்தேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். மிச்சத்தை அவள் பக்கத்தில் இருந்த கிழவிக்குக் கொடுத்துவிட்டாள்.

இரண்டு மணிக்கு லாரி வரவில்லை. மூன்று மணிக்குக் குழந்தை பசியில் வீரிட்டது. உப்பேறிய கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி அதில்தான் பால் கலக்கினாள். நான்கரைக்குக் குழந்தைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கிவிட்டன. ஐந்துக்குப் பிஜு முழங்காலெல்லாம் சிராய்த்து வந்து சேர்ந்தான். "மூணு மணிக்காக்கும் போன் கிடச்சது. உங்களுக்குப் பிரச்சினை ஒண்ணும் இல்லண்ணு மத்தியானமே தகவல் வந்துதேண்ணு கேக்குதாங்க. அதுக்குப் பெறவுதான் லாரி புறப்பட்டிருக்கு, ஆளுவ மரம் வெட்டிட்டே வாறாங்க" என்றான்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "நான் தெளிவாத்தான் சொன்னேன்" என்றேன். அது இரண்டாவது பாவம். அவர்கள் ஒரு பேச்சுக்குக்கூடச் சந்தேகப்படவில்லை. "அண்ணன் அலையில நின்னுல்லா சொன்னாரு. ஆபீசுல இருக்கப்பட்டவங்களுக்குக் கேக்க மனசில்ல" என்று பொரிந்து தள்ளினார்கள். ஆறு மணிக்குத் தண்ணீர் லாரி வந்தது. அதே லாரியின் முன்சீட்டில் ஜிஜாவும் குழந்தையும் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குழந்தையின் கண் உள்ளே போயிருந்தது. அழுவதற்குக்கூட அதற்குச் சத்து இல்லை.

நான்கு நாள் குளுக்கோஸ் டிரிப்ஸ் ஏற்றிக் குழந்தை பிழைத்துக்கொண்டது. அந்த நான்கு நாளும் நான் கடையைத் திறக்கவில்லை. ரேடியோவைத் தொடவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் இரண்டு முறை போய், உள்ளே போகாமல் திரும்பினேன்.

அடுத்த வாரம் அதே பள்ளிக்கூடத்தில் விசாரணை. தாசில்தார் வந்திருந்தார். ஊர்க்காரர்களே கொடுத்த புகார், மத்தியானம் வந்த செய்தியை வாங்கிய கட்டுப்பாட்டு அறை ஊழியரை வேலையை விட்டு எடுக்க வேண்டும் என்று. சாட்சியாக என் பெயரை எழுதியிருந்தார்கள். அக்காதான் எழுதச் சொன்னாளாம், பெருமையோடு.

அந்த ஊழியர் ஷைலஜா. தற்காலிக வேலை. என் கடைக்கு மிக்சி ரிப்பேருக்குக் கொண்டுவரும் இளம்பெண்களின் வயதுதான் இருக்கும். நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"பன்னெண்டு முப்பதுக்கு திருச்சியில் நின்னு ஒரு சார் விளிச்சு. 'நோ ஃப்ளட்' எந்நு பறஞ்சு. ஞான் ரெண்டு பிராவசியம் சோதிச்சதா. வெள்ளப்பொக்கம் இல்லா எந்நு எழுதி" என்றாள். திருச்சியிலிருந்து போன் வந்ததாம், இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் வெள்ளப்பெருக்கு இல்லை என்று எழுதினாளாம். நோட்டைத் திறந்து அந்த வரியைத் தாசில்தாரிடம் காட்டினாள்.

"பொய்யாக்கும்" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். "அண்ணன் இருக்காரு, கேளுங்க."

நான் எழுந்தேன். ஜிஜா எதிர் பெஞ்சில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இருந்தாள். குழந்தையின் கை குச்சியாக இருந்தது.

"அந்தப் பிள்ள எழுதினது சரியாக்கும்" என்றேன். "தப்பு எனக்க மேல. நான் வெள்ளம் இல்லண்ணு சொன்னேன். திருச்சியில அதுக்கு அர்த்தம் வேற."

யாருக்கும் பிடிபடவில்லை. அக்கா எழுந்தாள். "வெள்ளம் இல்லண்ணுதானே நாங்களும் சொல்லச் சொன்னோம்? அதுல ஒனக்கு என்னலே தப்பு?"

"திருச்சிக்காரனுக்குத் தமிழ் தெரியாதா அண்ணா?" என்று பிஜு கேட்டான். கூட்டம் சிரித்தது. தாசில்தாரும் சிரித்துவிட்டார். ஒரு சொல் செய்த கூத்து, யார் மேலும் குற்றமில்லை என்று சொல்லிக்கொண்டே கோப்பை மூடினார். ஷைலஜா உட்கார்ந்தாள். நோட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து நன்றியாகத் தலையசைத்தாள்.

அத்தோடு முடிந்திருக்கலாம். நான் உட்கார்ந்தால் போதும். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் சாகும் வரைக்கும் இந்தக் கரையில் நான் நல்லவன். ஆனால் ஷைலஜா தலையசைத்தது எனக்குத் தாங்கவில்லை.

"அது மட்டுமில்ல" என்றேன். "அவங்க தப்பாப் புரிஞ்சது எனக்கு அப்பவே தெரியும். ஒரு மணிக்கு முன்னாலயே தெரியும். காதுல கேட்டேன். திருத்திச் சொல்ல பேட்டரி இருந்துது. நாணக்கேடா இருந்துது, அதனால சொல்லல்ல."

சிரிப்பு நின்றது. அக்கா உட்கார்ந்துவிட்டாள். திட்டுவார்கள், எழுந்து வந்து அடிப்பார்கள் என்று நின்றேன். அடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஜிஜா எழுந்து நின்றாள். கோபமாகக் கேட்கவில்லை. கணக்குப் புரியாத பிள்ளை கேட்பதுபோலக் கேட்டாள்.

"அப்போ, நான் டம்ளர்ல வெள்ளம் தந்தேனே அண்ணா. அதக் குடிக்கும்போ தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

அவள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வெளியே போனாள்.